தாடி ஓணானுக்கு வெளிச்சமும் ஓர் உணவுதான்

சென்ற ஆண்டு பள்ளி விடுமுறையில் என் அக்காள் மகன் ஒரு தாடி ஓணானை வாங்கி வந்தான். அவன் படிவம் இரண்டு மாணவன். பல மாதங்கள் சேர்த்து வைத்த பணத்தில் வாங்கியது. உள்ளங்கையில் அடங்கும் குட்டி. கழுத்துக்குக் கீழே முள் முள்ளாகத் தாடி இருந்ததால் அதற்குக் 'கபாலி' என்று பெயர் வைத்தான்.

கபாலிக்கு ஒரு குறையும் இல்லை என்றுதான் வீட்டில் எல்லாரும் நினைத்தோம். கண்ணாடித் தொட்டியை, வெயில் நன்றாக விழும் சன்னல் ஓரத்தில் வைத்தான். தொட்டிக்கு மேலே பளிச்சென்று எரியும் ஒரு விளக்கு. நாள்தோறும் வயிறு நிறையச் சில்வண்டுகள். கபாலியும் நன்றாகத்தான் தின்றது.

இரண்டு மாதம் கழித்து நான் அங்கே போனபோது, "மாமா, இவன் கை நடுங்குது பாருங்க. கட்டை மேல ஏறவே மாட்டேங்கிறான்" என்றான். கபாலி வயிற்றைத் தரையில் இழுத்தபடி நகர்ந்துகொண்டிருந்தது. முன்கால் ஒன்று சற்றே வளைந்திருந்தது.

கால்நடை மருத்துவர் அதன் தாடையை விரலால் மெல்ல அழுத்திப் பார்த்தார். எக்ஸ்ரே எடுத்தார். படத்தில் எலும்புகள் புகைபோல் மங்கலாகத் தெரிந்தன. "எலும்பில் கால்சியம் போதவில்லை. சாப்பாடு மட்டும் காரணமில்லை. இதற்கு வேண்டிய வெளிச்சம் கிடைக்கவில்லை" என்றார்.

"நாள் முழுக்க வெளிச்சம் இருந்துச்சே, டாக்டர்?" என்று கேட்டான் அவன்.

நியாயமான கேள்வி. அதற்கான பதில்தான் இந்தக் கட்டுரை.

பாலைநிலத்து ஓணான்

நம் தோட்டத்து வேலியில் தலையை ஆட்டிக்கொண்டிருக்கும் ஓணானும் தாடி ஓணானும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. அக்குடும்பத்தின் அறிவியல் பெயர் அகாமிடே. செல்லப்பிராணியாக விற்கப்படுவது பெரும்பாலும் 'போகோனா விட்டிசெப்ஸ்' என்ற இனம். இதன் தாயகம் ஆஸ்திரேலியாவின் உட்பகுதி. மழை குறைந்த, மரங்கள் அடர்ந்திராத, வெயில் கொளுத்தும் நிலம் அது. நன்கு வளர்ந்த தாடி ஓணான் வாலுடன் சேர்த்து 45 முதல் 60 சென்டிமீட்டர் வரை இருக்கும். நல்ல பராமரிப்பில் 10 ஆண்டுகளோ அதற்கு மேலுமோ வாழக்கூடியது.

தன் சொந்த மண்ணில் அது காலையில் ஒரு கட்டை மீதோ வேலிக் கம்பத்திலோ ஏறி அமர்ந்து வெயில் காயும். உடல் குளிர்ந்திருக்கும்போது முதுகின் நிறம் கருமையாகும். கருநிறம் வெப்பத்தை அதிகம் உறிஞ்சும் என்று நீங்கள் பாடத்தில் படித்திருப்பீர்கள். போதிய சூடு ஏறியதும் நிறம் வெளிறும். மேலும் சூடானால் வாயைத் திறந்து வைத்துக்கொள்ளும். இல்லையேல் நிழலுக்குப் போய்விடும். நம்மைப்போல் உடலுக்குள்ளேயே வெப்பத்தை உண்டாக்கிக்கொள்ள அதனால் முடியாது. இடம் மாறித்தான் உடல் வெப்பத்தைச் சீராக வைத்துக்கொள்கிறது.

ஒரே வெயிலில் மூன்று பொருள்

வெயிலில் இருந்து தாடி ஓணான் மூன்றைப் பெறுகிறது. முதலாவது, கண்ணுக்குத் தெரியும் ஒளி. இது பகலா இரவா என்பதை உணர்த்துகிறது. இரண்டாவது, வெப்பம். இது செரிமானத்தை நடத்துகிறது. மூன்றாவது, கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிர். அதிலும் 'பி' வகை, அதாவது 280 முதல் 315 நானோமீட்டர் அலைநீளம் கொண்ட கதிர்கள்.

வெயிலில் இம்மூன்றும் சேர்ந்தே வருகின்றன. விளக்குகளில் அப்படி வருவதில்லை. சாதாரண எல்இடி விளக்கு ஒளியை மட்டும் தரும். வெப்ப விளக்கு ஒளியும் சூடும் தரும். புற ஊதா 'பி' தராது. கபாலியின் தொட்டிக்கு மேல் இருந்தது அத்தகைய விளக்குதான். முதல் இரண்டும் இருந்தன. மூன்றாவது இல்லை.

தோலுக்குள் நடக்கும் வேலை

அந்த மூன்றாவது ஏன் அவ்வளவு முக்கியம்?

தாடி ஓணானின் தோலில் கொலஸ்டிராலோடு நெருங்கிய தொடர்புடைய ஒரு பொருள் இருக்கிறது. புற ஊதா 'பி' கதிர் பட்டதும் அது 'முன் உயிர்ச்சத்து டி3' ஆக மாறுகிறது. இதன் பிறகு கதிர் தேவையில்லை, சூடு தேவை. உடல் வெதுவெதுப்பாக இருந்தால்தான் அது விரைவாக உயிர்ச்சத்து டி3 ஆகும். அடுத்து ஈரல் அதை ஒருமுறை மாற்றுகிறது. சிறுநீரகம் இன்னொரு முறை மாற்றுகிறது. கடைசியில் கிடைப்பது ஓர் இயக்குநீர். குடலில் உள்ள உணவிலிருந்து கால்சியத்தை இரத்தத்துக்குள் எடுத்துக்கொள்ளச் சொல்லும் கட்டளையை இதுவே கொடுக்கிறது.

அந்தக் கட்டளை இல்லாவிட்டால், உணவில் எவ்வளவு கால்சியம் இருந்தாலும் பெரும்பகுதி வயிற்றில் நுழைந்து வெளியே போய்விடும். ஆனால், இரத்தத்தில் கால்சியம் குறைய உடல் விடாது. தசை இயங்கவும் நரம்பு செய்தி அனுப்பவும் இதயம் துடிக்கவும் கால்சியம் வேண்டும். ஆகவே, உடல் தன் சேமிப்பை உடைக்கிறது. அந்தச் சேமிப்புதான் எலும்பு. நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாக எலும்பிலிருந்து கால்சியம் எடுக்கப்படுகிறது. தாடை மென்மையாகிறது, கால் வளைகிறது. சேமிப்பும் ஈடுகொடுக்க முடியாத நிலையில் தசைகள் நடுங்கத் தொடங்குகின்றன. கபாலியின் கை நடுங்கியதற்குக் காரணம் இதுதான். இதனை வளர்சிதைமாற்ற எலும்பு நோய் என்பார்கள்.

மனிதக் குழந்தைகளுக்கு உயிர்ச்சத்து டி குறைவால் வரும் எலும்பு மென்மை நோயும் ஏறக்குறைய இதே கதைதான். வேதியியல் ஒன்றே, உடல்தான் வேறு.

அப்படியானால் டி3 பொடியை உணவில் தூவிவிட்டால் போதாதா? நெதர்லாந்து ஆய்வாளர்கள் தாடி ஓணான் குஞ்சுகளைக் கொண்டு இதைச் சோதித்து 2010ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டனர். புற ஊதா 'பி' பெற்ற குஞ்சுகளின் இரத்தத்தில், ஈரல் தயாரிக்கும் அந்த டி3 வடிவம், வாய்வழி டி3 பெற்றவற்றைவிட ஏறக்குறைய 18 மடங்கு அதிகமாக இருந்தது. இன்னொரு வேறுபாடும் உண்டு. தோலில் அளவுக்கு மேல் உருவாகும் முன் உயிர்ச்சத்தை, அதே கதிர் வேறு பயனற்ற பொருள்களாக மாற்றிவிடும். வாய்வழி கொடுப்பதற்கு அப்படியொரு கட்டுப்பாடு இல்லை. டி3 பொடி அளவு மீறினால் உடலில் தேங்கி நஞ்சாகவும் கூடும்.

சன்னல் ஓரத்து வெயில் என்ன ஆனது?

தொட்டிதான் சன்னல் ஓரத்தில் இருந்ததே, அந்த வெயில் போதாதா என்று நீங்கள் கேட்கலாம். சாதாரண சன்னல் கண்ணாடி, கண்ணுக்குத் தெரியும் ஒளியைத் தாராளமாக உள்ளே விடும். புற ஊதா 'பி' கதிரையோ ஏறக்குறைய முழுவதுமாகத் தடுத்துவிடும். கபாலிக்கும் வெயிலுக்கும் நடுவே சன்னல் கண்ணாடி, தொட்டிக் கண்ணாடி என்று இரண்டு தடுப்புகள் இருந்தன. நில நடுக்கோட்டுக்கு அருகில், உலகிலேயே வலிமையான வெயில் அடிக்கும் நாடுகளில் ஒன்றில் இருந்துகொண்டு, கபாலி புற ஊதாப் பட்டினி கிடந்தது.

அதனால் கண்ணாடித் தொட்டியோடு தூக்கிக்கொண்டு போய் வெளியே வெயிலில் வைத்துவிடாதீர்கள். உள்ளே வந்த வெப்பம் வெளியேற வழியின்றித் தொட்டி அடுப்பாகிவிடும். ஓடி ஒளிய நிழல் இல்லாத ஓணான் சில நிமிடங்களிலேயே இறந்துபோகக்கூடும். வெளியே விடுவதென்றால் கம்பிக் கூண்டில் விடுங்கள். பாதியில் நிழல் இருக்க வேண்டும். காலை வெயிலில் 15 அல்லது 20 நிமிடம் போதும். நீங்களும் பக்கத்திலேயே இருக்க வேண்டும்; காகமும் பூனையும் காத்திருக்கும்.

எந்த விளக்கு, எங்கே, எத்தனை மணி நேரம்?

தொட்டியின் ஒரு பக்கத்தை வெயில் பக்கமாகவும் மறுபக்கத்தை நிழல் பக்கமாகவும் அமையுங்கள். வெயில் பக்கத்தில் ஒரு கட்டை அல்லது தட்டைக் கல்; அதற்கு மேலே வெப்ப விளக்கு. கல்லின் மேற்பரப்பு 38 முதல் 42 பாகை செல்சியஸ் வரை இருக்கலாம். நிழல் பக்கம் 25 முதல் 29 பாகைக்குள் இருக்க வேண்டும். கையை வைத்துப் பார்த்து மதிப்பிட வேண்டாம். இரண்டு பக்கமும் வெப்பமானி வையுங்கள்.

புற ஊதா 'பி' விளக்கும் அதே வெயில் பக்கத்தில்தான் இருக்க வேண்டும். கதிரும் சூடும் ஒரே இடத்தில் கிடைத்தால்தான் தோலின் வேலை முழுமையடையும். உருண்டை விளக்கைவிட நீண்ட குழாய் விளக்கு நல்லது. தொட்டியின் பாதி நீளத்துக்கேனும் அது இருக்கட்டும். பாலைநில ஊர்வனவற்றுக்கென விற்கப்படும் 10 அல்லது 12 விழுக்காட்டு 'டி5' குழாய் விளக்கைப் பெரும்பாலும் ஓணான் அமரும் இடத்திலிருந்து 30 சென்டிமீட்டர் உயரத்தில் பொருத்துவார்கள். சரியான தூரம் உறையில் அச்சிடப்பட்டிருக்கும். கம்பி வலைக்கு மேலே வைத்தால் வலை ஒரு பகுதிக் கதிரைத் தடுத்துவிடும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். கண்ணாடி மூடி போட்டால் எல்லாம் வீண்.

இங்கே பலரும் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. இந்த விளக்குகளின் புற ஊதா வெளியீடு மாதாமாதம் குறையும். ஆனால், வெளிச்சம் குறைந்தது போலவே தெரியாது. விளக்கு எரிகிறது, ஆகவே வேலை செய்கிறது என்று நம் கண் சொல்லும், அது பொய். வகையைப் பொறுத்து 6 முதல் 12 மாதங்களுக்கு ஒருமுறை விளக்கை மாற்ற வேண்டும். புதிய விளக்கைப் பொருத்தும் நாளை அதன் முனையில் பேனாவால் எழுதி வைத்துவிடுங்கள்.

இனி, நேரம். மலேசியாவில் ஆண்டு முழுவதும் பகல் ஏறக்குறைய 12 மணி நேரம்தான். தாடி ஓணானின் தாயகம் நில நடுக்கோட்டுக்குத் தெற்கே வெகுதூரத்தில் இருக்கிறது. அங்கே தென்பகுதிகளில் கோடைப் பகல் ஏறக்குறைய 14 மணி நேரமும் குளிர்காலப் பகல் 10 மணி நேரமும் நீடிக்கும். எனவே வளரும் குட்டிக்கு 12 முதல் 14 மணி நேரமும், வளர்ந்த ஓணானுக்கு 12 மணி நேரமும் விளக்கு எரிந்தால் நல்லது. இரவில் ஒரு விளக்கும் வேண்டாம்; சிவப்பு விளக்கும் வேண்டாம். தாடி ஓணானின் உச்சந்தலையில் ஒரு சிறு செதிலுக்கு அடியில் 'மூன்றாம் கண்' ஒன்று இருக்கிறது. அதனால் உருவங்களைப் பார்க்க முடியாது. ஒளி இருக்கிறதா இல்லையா என்பதை அது உணரும். இருட்டு முழு இருட்டாக இருந்தால்தான் அதற்கு இரவு.

விளக்கைப் போடுவதையும் அணைப்பதையும் உங்கள் ஞாபகத்திடம் விடாதீர்கள். மின்கருவிக் கடையில் கிடைக்கும் ஒரு டைமர் அந்த வேலையைத் தவறாமல் செய்யும்.

தட்டில் என்ன வைப்பது?

குட்டிக்கு வேகமாக வளரப் புரதம் வேண்டும். அதனால் உணவில் முக்கால் பங்கு பூச்சி. கால் பங்கு கீரை, காய். ஒரு வயதைக் கடந்து வளர்ச்சி நின்றதும் இந்தக் கணக்கைத் தலைகீழாக்க வேண்டும். பெரியதான பிறகும் நாள்தோறும் பூச்சி கொடுத்தால் உடலில் கொழுப்பு சேரும்.

பறவைக் கடைகளில் 'செங்கெரிக்' என்று விற்கும் சில்வண்டு நல்ல உணவு. ஓணானின் இரு கண்களுக்கு இடைப்பட்ட அகலத்தைவிடப் பெரிய பூச்சியைக் கொடுக்காதீர்கள். பத்துப் பதினைந்து நிமிடத்தில் தின்னும் அளவே ஒரு வேளை உணவு. மிஞ்சிய பூச்சிகளை எடுத்துவிடுங்கள். இரவில் அவை ஓணானையே கடிக்கும்.

சில்வண்டில் ஒரு குறை உண்டு. அதில் கால்சியத்தைவிடப் பாஸ்பரஸ் பல மடங்கு அதிகம். ஓணானுக்குத் தேவைப்படுவதோ இதற்கு நேர்மாறு: பாஸ்பரஸ் ஒரு பங்கு என்றால் கால்சியம் ஏறக்குறைய இரண்டு பங்கு. இதைச் சரிசெய்ய இரண்டு வழிகள் உள்ளன. கொடுப்பதற்கு முந்தைய நாளே சில்வண்டுகளுக்குக் கீரையும் காரட்டும் ஊட்டி வையுங்கள். கொடுக்கும்போது ஒரு பையில் போட்டுக் கால்சியம் பொடி தூவிக் குலுக்கிக் கொடுங்கள்.

கீரையிலும் தேர்வு வேண்டும். சந்தையில் 'சாவி' என்று விற்கும் கடுகுக்கீரை, பாக் சோய், துருவிய பூசணி ஆகியவை ஏற்றவை. மருந்து தெளிக்காத செம்பருத்திப் பூவும் கொடுக்கலாம். நம் தேசிய மலரை அது விரும்பித் தின்னும். பசலைக்கீரையையும் 'பாயாம்' எனப்படும் தண்டுக்கீரையையும் அடிக்கடி கொடுக்காதீர்கள். அவற்றில் உள்ள ஆக்சலேட் கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு உடலில் சேரவிடாது. அவகாடோ கூடவே கூடாது.

தோட்டத்தில் பிடித்த பூச்சிகளைக் கொடுக்காதீர்கள். அவற்றில் பூச்சிமருந்து இருக்கலாம். மின்மினியை அருகில்கூடக் கொண்டுபோகாதீர்கள். அமெரிக்காவின் சில மின்மினி இனங்களில் இதயத்தைத் தாக்கும் நஞ்சு இருக்கிறது. அத்தகைய ஒரே ஒரு மின்மினியைத் தின்றுகூடத் தாடி ஓணான்கள் இறந்திருக்கின்றன. ஆஸ்திரேலியப் பாலைநிலத்தில் அந்த மின்மினிகள் இல்லாததால் அவற்றைத் தவிர்க்கத் தாடி ஓணானுக்குத் தெரியாது.

பள்ளி மாணவருக்கு ஏற்ற நேர அட்டவணை

குட்டி ஓணானுக்கு:

காலை 6.30 – டைமர் விளக்குகளைப் போடும். பள்ளிக்குக் கிளம்பும் முன் நறுக்கிய கீரையை வைத்துவிடுங்கள். உடல் சூடேறியதும் அதுவே வந்து தின்னும்.

பிற்பகல் 2.30 – பள்ளி முடிந்து வந்ததும் கால்சியம் தூவிய சில்வண்டு. வாடிய கீரையை எடுத்துவிடுங்கள்.

மாலை 5.00 – இரண்டாம் வேளைப் பூச்சி. மிஞ்சியதை அகற்றுங்கள், எச்சத்தைத் துடைத்து நீரை மாற்றுங்கள்.

இரவு 7.30 – விளக்குகள் அணையும்.

வளர்ந்த ஓணானுக்குக் காலை 7 மணி முதல் இரவு 7 மணி வரை வெளிச்சம். கீரை நாள்தோறும், பூச்சி வாரத்துக்கு இரண்டு அல்லது மூன்று நாள் மட்டும், பிற்பகலில்.

கடைசி உணவுக்கும் விளக்கு அணைவதற்கும் இடையே இரண்டு மணி நேரத்துக்கு மேல் விட்டிருப்பதைக் கவனித்தீர்களா? சூடு இல்லாமல் செரிமானம் நடக்காது. இரவு 7 மணிக்குப் பூச்சியைக் கொடுத்து 7.30க்கு விளக்கை அணைத்தால், அந்த உணவு செரிக்காமல் வயிற்றிலேயே கிடக்கும். உணவு நேரத்தை முடிவு செய்வது கடிகாரம் அல்ல, விளக்குதான்.

நம் வீட்டில் கவனிக்க வேண்டியவை

நம் நாட்டில் வெப்பத்தைவிட ஈரப்பதமே பெரிய சிக்கல். தாடி ஓணான் வறண்ட காற்றுக்குப் பழகியது. தொட்டியின் மேற்பகுதி வலையாக இருந்து காற்று உலவ வேண்டும். நீர் தெளித்துத் தொட்டியை நனைத்து வைக்கக்கூடாது. இரவில் குளிர்சாதனம் ஓடும் அறையிலும் வைக்காதீர்கள். இரவு வெப்பம் 20 பாகைக்குக் கீழே இறங்காமல் இருப்பது நல்லது. ஊர்வனவற்றின் உடலில் சால்மோனெல்லா நுண்ணுயிர் இருக்கலாம். ஆகவே தொட்ட பிறகு ஒவ்வொரு முறையும் சவர்க்காரம் போட்டுக் கை கழுவுங்கள். சமையலறைத் தொட்டியில் அதன் பாத்திரங்களைக் கழுவாதீர்கள்.

வாங்கும் முன் சட்டத்தையும் கேட்டறியுங்கள். சிங்கப்பூரில் தாடி ஓணானை வீட்டில் வளர்க்க அனுமதி இல்லை. மலேசியாவில் வாங்க நினைப்போர், உரிமம் தேவையா, விற்பவரிடம் முறையான ஆவணம் இருக்கிறதா என்பதைப் பெர்ஹிலித்தான் எனப்படும் வனவிலங்கு, தேசியப் பூங்காத் துறையிடம் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். ஊர்வனவற்றைப் பார்க்கும் கால்நடை மருத்துவர் அருகில் இருக்கிறாரா என்றும் விசாரியுங்கள். எல்லா மருத்துவர்களும் ஓணானைப் பார்ப்பதில்லை.

வீட்டுப்பாடத்தை மறந்தால் மறுநாள் செய்துகொள்ளலாம். விளக்கை மறந்தால் எலும்பு கொடுத்த கடனைத் திரும்பப் பெறுவது அவ்வளவு எளிதல்ல. பத்தாண்டுகளுக்கு மேல் வாழக்கூடிய ஓர் உயிரை வாங்குகிறீர்கள் என்றால், எஸ்பிஎம் முடித்து நீங்கள் வெளியூருக்குப் படிக்கப் போகும்போதும் அது உயிரோடு இருக்கும். அப்போது யார் கவனிப்பார்கள் என்று இப்போதே வீட்டாரிடம் பேசிவிடுங்கள்.

கபாலிக்கு மருத்துவர் கால்சியம் மருந்து கொடுத்தார். தொட்டி சன்னல் ஓரத்திலிருந்து நகர்ந்தது. புற ஊதா 'பி' குழாய் விளக்கும் டைமரும் வந்தன. சில வாரங்களில் நடுக்கம் நின்றது. மூன்று மாதம் கழித்துக் கபாலி கட்டையின் உச்சியில் ஏறி அமர்ந்து, வாயைத் திறந்தபடி சூடு காய்ந்துகொண்டிருந்தது. ஆனால், வளைந்த முன்கால் வளைந்தபடியே இருக்கிறது. அது இனி நேராகாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார்.

அக்காள் மகன் விளக்கின் முனையில் தேதி எழுதி ஒட்டியிருக்கிறான். "அடுத்த விளக்கு வாங்க இப்பவே காசு சேர்க்கிறேன், மாமா" என்றான்.